சந்தைக்காகவே வரைந்த ஊர்: லட்லோவை எப்படிப் பார்ப்பது?

லட்லோ கோட்டையின் வாசலில் நின்று, கோட்டைக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கள். எதிரே ஒரு பெரிய சதுக்கம் விரியும். திங்கள், புதன், வெள்ளி, சனி என்று வாரத்தில் நான்கு நாள் அங்கே சந்தை. கோடுபோட்ட துணிக் கூரைகளின் கீழே பாலாடைக்கட்டி, ரொட்டி, காய்கறி, பூச்செடி, பழைய புத்தகம், கம்பளித் தொப்பி எல்லாம் கிடைக்கும். இங்கிலாந்தின் பழைய சந்தை ஊர்களுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கோட்டையையும் தேவாலயத்தையும் சாய்ந்து நிற்கும் மரச்சட்ட வீடுகளையும் படமெடுத்துக்கொண்டு, ஒரு தேநீர்க் கடையில் ஸ்கோன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் இந்தச் சதுக்கம் ஏன் இவ்வளவு அகலம், இதிலிருந்து கிழக்கே போகும் தெரு ஏன் திடீரென்று சந்துகளாகப் பிரிந்து குறுகுகிறது என்று ஒரு நிமிடம் யோசித்தால், ஊரே வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். இந்த ஊருக்குப் பணம் எந்தெந்த வழியில் வந்தது, எப்போது நின்றது என்பதைப் பிடித்துக்கொண்டால் இங்குள்ள ஒவ்வொரு கட்டடத்துக்கும் காரணம் கிடைத்துவிடுகிறது.

லட்லோ இருப்பது வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷையரின் தென்கோடியில். ஒரு குன்று, அதன் தெற்கிலும் மேற்கிலும் டீம் ஆறு வளைந்து ஓடுகிறது. மக்கள்தொகை பத்தாயிரத்தைச் சற்றே தாண்டும். இந்தச் சின்ன ஊரில் சட்டப் பாதுகாப்புப் பெற்ற பழங்கட்டடங்கள் மட்டும் சுமார் 500.

1066-இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன்களுக்கு வேல்ஸ் எல்லை பெரிய தலைவலியாக இருந்தது. எல்லை நெடுக நம்பிக்கையான பிரபுக்களை உட்காரவைத்தார்கள். அப்படி வந்த டி லேசி குடும்பம் 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் குன்றின் மேற்கு விளிம்பில், ஆற்றை நோக்கிய செங்குத்துப் பாறையின் மேல் கோட்டை கட்டத் தொடங்கியது. கோட்டையில் படை இருக்க வேண்டும், படைக்குச் சோறு போட வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். விளைநிலத்திலிருந்து வரும் குத்தகையைவிட ஊரிலிருந்து வரும் வருமானம் மேல் என்பது அக்காலப் பிரபுக்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எனவே 12-ஆம் நூற்றாண்டில் கோட்டை வாசலிலிருந்து கிழக்கு நோக்கிக் குன்றின் முகட்டில் ஒரு மிக அகலமான தெருவை இழுத்தார்கள். அதுதான் சந்தை. பிறகு அதிலிருந்து தெற்கே ஆற்றை நோக்கி இறங்கும் நேர்த் தெருக்கள் வந்தன. இன்றைய மில் ஸ்ட்ரீட்டும் பிராட் ஸ்ட்ரீட்டும் அவைதான்.

தெருக்களின் இருபுறமும் மனைகளைப் பிரித்தார்கள். முகப்பு குறுகலாக, பின்பக்கம் நீளமாகப் போகும் பர்கேஜ் மனைகள் இவை. தெருவைப் பார்த்த இடம் விலை மதிப்புள்ளது என்பதால் யாருக்கும் அதை அதிகம் கொடுக்கவில்லை. முன்னால் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் பட்டறை, பன்றிக் கொட்டில், தோட்டம். மனை வாங்கியவர் பிரபுவின் வயலில் உழைக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு நிலையான பண வாடகை கொடுத்தால் போதும். மனையை விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். பண்ணையடிமை முறை வழக்கத்தில் இருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய ஈர்ப்பு என்று நினைத்துப் பாருங்கள். பிரபுவுக்கு மனை வாடகை, சந்தைக்குள் நுழையும் சரக்குக்குச் சுங்கம், கடை போட வாடகை, சந்தையில் எழும் சச்சரவுகளைத் தீர்க்கும் நீதிமன்றத்தில் அபராதம் என நாலு பக்கமும் வரும்படி. இங்கிலாந்தின் சந்தை ஊர்களில் பல தானாக முளைத்தவை போலத் தோன்றினாலும், 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் இப்படிக் கணக்குப் போட்டுப் போட்ட முதலீடுகள்தாம். பல தோற்றுப்போய்ப் புல்வெளியாகிவிட்டன. லட்லோ பிழைத்தது.

அகலமான சந்தைத் தெரு குறுகிய கதையையும் சொல்ல வேண்டும். முதலில் வியாபாரிகள் சந்தை நாளில் மட்டும் வந்து தெரு நடுவில் சரக்கை விரித்தார்கள். பிறகு மேசை, பிறகு பந்தல். அப்புறம் இரவிலும் சரக்கை விட்டுச்செல்ல வசதியாகப் பூட்டுப்போட்ட கடை, அதன் மேல் ஒரு மாடி, கடைசியில் குடும்பமே குடியேறிய வீடு. வாடகை வரும்வரை யாரும் தடுக்கவில்லை. இப்படியே நடுத்தெருவில் வரிசை வரிசையாக வீடுகள் எழும்பி, ஒரே அகலத் தெரு மூன்று நான்கு சந்துகளாகப் பிரிந்துவிட்டது. இன்று ஹார்ப் லேன், சர்ச் ஸ்ட்ரீட், கிங் ஸ்ட்ரீட் என்று நீங்கள் சுற்றும் நெருக்கடியான பகுதி முழுக்க முன்பு திறந்தவெளிச் சந்தை. இந்தச் சந்துகளில் உள்ள கட்டடங்களுக்குப் பின்புறத் தோட்டமே கிடையாது. முழு இடத்தையும் அடைத்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்தே இது ஆக்கிரமித்த இடம் என்று சொல்லிவிடலாம். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். அரசர்கள் யாரும் இதைக் கட்டவில்லை. வியாபாரிகள் அங்குலம் அங்குலமாக எடுத்துக்கொண்டது.

1233-இல் ஊரைச் சுற்றி மதில் கட்டுவதற்காக வரி வசூலிக்க அரச அனுமதி கிடைத்தது. ஏழு வாயில்கள் இருந்த அந்த மதிலில் இன்று உருப்படியாக நிற்பது பிராட் ஸ்ட்ரீட்டின் கீழ்முனையில் உள்ள பிராட் கேட் ஒன்றுதான். இடைக்கால வாயிலின் தலையில் 18-ஆம் நூற்றாண்டு வீடு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வாகனங்கள் இன்றும் அதன் வளைவுக்குள் புகுந்துதான் போகின்றன.

சந்தைக்கு அடுத்து ஊரைத் தூக்கிவிட்டது கம்பளி. வேல்ஸ் எல்லைக் குன்றுகளில் மேய்ந்த ஆடுகளின் கம்பளி ஐரோப்பாவில் உயர்தரமாகக் கருதப்பட்டது. இன்றைய பெல்ஜியத்தை ஒட்டிய ஃபிளாண்டர்ஸ் பகுதியின் நெசவு ஊர்கள் அதை நம்பி இருந்தன. இந்த வியாபாரத்தில் கொழித்தவர் லாரன்ஸ் ஆஃப் லட்லோ. பிரபுக்களுக்கும், அரசர் முதலாம் எட்வர்டுக்குமே கடன் கொடுக்கும் அளவுக்குப் பணக்காரர். 1281-இல் லட்லோவுக்கு வடமேற்கே ஏழு மைல் தொலைவில் ஸ்டோக்ஸே என்ற பண்ணையை வாங்கி, மாளிகை ஒன்றை எழுப்பினார். 1291-இல் அதற்கு அரண் அமைத்துக்கொள்ள அரச அனுமதியும் பெற்றார். கோட்டை என்று பெயர் இருந்தாலும் ஸ்டோக்ஸே ஒரு செல்வந்தரின் வீடுதான். கூடத்தில் பெரிய பெரிய சன்னல்கள் வைத்திருக்கிறார். முற்றுகைக்குப் பயந்தவர் அப்படிக் கட்டமாட்டார்.

1294-இல் பிரான்ஸோடு போர் மூண்டது. போர்ச் செலவுக்காகக் கம்பளி ஏற்றுமதிக்குக் கடும் வரி விதிக்க அரசர் விரும்பினார். வணிகர்கள் சார்பில் அதற்கு இசைவு வாங்கித் தந்ததில் லாரன்ஸுக்குப் பெரும் பங்கு. வணிகர்கள் அந்தச் சுமையைத் தாங்கவில்லை. ஆடு வளர்த்தவர்களுக்குக் கொடுக்கும் விலையைக் குறைத்து அவர்கள் தலையில் இறக்கிவிட்டார்கள். அதே ஆண்டு கம்பளி ஏற்றிச் சென்ற கப்பல் மூழ்கி லாரன்ஸ் இறந்தார். கம்பளி வளர்ப்போருக்குப் பாவம் செய்தவன் கம்பளி நிறைந்த கப்பலிலேயே மூழ்கினான் என்று ஒரு வரலாற்றுக் குறிப்பாளர் எழுதிவைத்தார். எழுநூறு ஆண்டு கழித்தும் அந்தக் கோபம் சூடு ஆறாமல் இருக்கிறது. அவர் வீடு மட்டும் ஏறக்குறைய அவர் விட்டுச்சென்றபடியே நிற்கிறது. இங்கிலாந்தில் 13-ஆம் நூற்றாண்டு மாளிகை இவ்வளவு முழுமையாகத் தப்பியது மிக அரிது. லட்லோ போகிறவர்கள் ஸ்டோக்ஸேயைத் தவறவிடக் கூடாது.

கம்பளிப் பணம் ஊருக்குள் எங்கே போனது என்று பார்க்கப் புனித லாரன்ஸ் தேவாலயத்துக்குள் நுழைய வேண்டும். (அந்த லாரன்ஸ் வேறு, இந்தப் புனிதர் வேறு.) சந்தைக் கடைகள் முன்னால் அடைத்துக்கொண்டதால் இவ்வளவு பெரிய தேவாலயம் தெருவிலிருந்து கண்ணில் படாது, சந்து வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் ஊருக்கு வெளியே எங்கிருந்து பார்த்தாலும் அதன் 135 அடிக் கோபுரம்தான் முதலில் தெரியும். 15-ஆம் நூற்றாண்டில் இதைப் பெருமளவு மாற்றிக் கட்டினார்கள். செலவில் பெரும்பகுதி பால்மர்ஸ் கில்ட் எனும் யாத்திரிகர் சங்கத்துடையது. உறுப்பினராகச் சேர்ந்து சந்தா கட்டினால் நீங்கள் இறந்த பிறகு உங்கள் ஆன்மாவுக்காகப் பாதிரியார்கள் தொடர்ந்து வேண்டுவார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதிலிருந்தும் உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். வந்த பணத்தில் சங்கம் ஊரில் வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டது. பள்ளி நடத்தியது, ஏழை முதியவர்களுக்கு இல்லம் நடத்தியது. மதச் சீர்திருத்தக் காலத்தில், 1551-இல், அதன் சொத்துகள் நகராட்சியின் கைக்கு வந்தன.

பாடகர் பகுதியில் உள்ள மர இருக்கைகளுக்கு முன்னால் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மடக்கு இருக்கை ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு தாங்கி. நீண்ட வழிபாட்டில் நிற்கும் பாதிரியார் நிற்பது போலவே சற்றுச் சாய்ந்துகொள்ள அது உதவும். மிசெரிகார்ட் என்று பெயர். இங்கே 28 இருக்கின்றன. தாங்கியின் அடியில் யாரும் பார்க்கப்போவதில்லை என்பதாலோ என்னவோ, தச்சர்கள் மனம்போல் செதுக்கியிருக்கிறார்கள். ஆயர் வேடத்தில் ஒரு நரி வாத்துகளுக்குப் பிரசங்கம் செய்கிறது. ஒரு கடற்கன்னி கண்ணாடி பார்க்கிறாள். இன்னொன்றில், அளவு குறைத்துச் சாராயம் விற்ற பெண்ணைப் பிசாசு தோளில் தூக்கிப்போட்டு நரகத்தின் வாய்க்குக் கொண்டுபோகிறது; அவள் கையில் அந்தக் குற்றக் குவளை இன்னும் இருக்கிறது; பக்கத்தில் வேறொரு பிசாசு அவள் செய்த தவறுகளின் பட்டியலை வாசிக்கிறது. சந்தையை நம்பி வாழ்ந்த ஊரில் அளவில் ஏமாற்றுவதுதான் பெரும்பாவம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

தேவாலயத்தின் வடக்குச் சுவருக்கு வெளியே கவிஞர் ஹவுஸ்மனின் சாம்பல் புதைக்கப்பட்டிருக்கிறது. ஷ்ராப்ஷையரைப் பற்றிப் பாடிப் புகழ்பெற்றவர், ஆனால் பிறந்தது பக்கத்து வூஸ்டர்ஷையரில்.

இனி கோட்டை. உள்ளே நுழைந்ததும் ஒரு பெரிய வெளிமுற்றம், அதைத் தாண்டி அகழி, அதற்கப்பால் உட்கோட்டை. நார்மன்கள் முதலில் கட்டிய நுழைவாயில் கட்டடத்தையே பிறகு வாசலை அடைத்துப் பெரிய கோபுரமாக மாற்றியிருக்கிறார்கள். அடைத்த வளைவின் தடம் தெரியும். உட்முற்றத்தின் நடுவில் தனியாக நிற்கும் வட்டமான தேவாலயக் கூடம் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வட்ட வடிவத் தேவாலயங்கள் இங்கிலாந்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். கூரை போய்விட்டாலும் வாசல் வளைவில் உள்ள கோணல் கோடு வேலைப்பாடு இன்னும் கூர்மையாக இருக்கிறது.

15-ஆம் நூற்றாண்டில் அரியணைக்காக யார்க், லான்காஸ்டர் என்ற இரு அரச குடும்பங்கள் மோதிக்கொண்டவை ரோசாப்பூப் போர்கள். அவற்றில் லட்லோ யார்க் கட்சியின் ஊர். 1459 அக்டோபரில் லட்ஃபர்ட் பாலத்தருகே இரு படைகளும் எதிரெதிரே நின்றன. யார்க் பக்கத்தில் இருந்த ஒரு பெரும் பிரிவு இரவோடு இரவாக மறுபக்கம் போய்விட்டது. யார்க் கோமகன் ரிச்சர்ட் தப்பி ஓடினார். வெற்றி பெற்ற படை ஊரைச் சூறையாடியது. இரண்டே ஆண்டில் நிலைமை தலைகீழானது. அவர் மகன் நான்காம் எட்வர்டாக அரியணை ஏறி, 1461-இல் ஊர் தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் சாசனத்தைக் கொடுத்தார். பட்ட அடிக்குக் கிடைத்த கூலி.

எட்வர்டின் மூத்த மகன் 1473 முதல் இந்தக் கோட்டையில்தான் வளர்ந்தான். 1483 ஏப்ரலில் தந்தை இறந்த செய்தி வந்தபோது அவனுக்கு வயது 12. முடிசூட லண்டனுக்குப் புறப்பட்டவனை வழியில் சித்தப்பா ரிச்சர்ட் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். லண்டன் டவரில் வைக்கப்பட்ட அவனையும் அவன் தம்பியையும் அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. அடுத்து, ஏழாம் ஹென்றியின் மகன் ஆர்தர். ஸ்பெயின் இளவரசி கேத்தரினை 1501 நவம்பரில் மணந்து, இருவரும் அந்தக் குளிர்காலத்தில் இங்கே வந்தார்கள். 1502 ஏப்ரல் 2 அன்று, பதினைந்து வயதில், நோய்வாய்ப்பட்டு ஆர்தர் இறந்துபோனான். விதவையான கேத்தரினை அவன் தம்பி எட்டாம் ஹென்றி மணந்ததும், பிறகு அந்த மணத்தை ரத்து செய்யப் போப்பாண்டவரோடு மோதி இங்கிலாந்துத் திருச்சபையைப் பிரித்ததும் உலகமறிந்த கதை. அந்தக் கதையின் முதல் முடிச்சு விழுந்தது இந்த ஊரில்.

ஆனால் ஊரின் பைக்குப் பணம் போட்டது இளவரசர்களைவிட அவர்களைச் சுற்றி உருவான நிர்வாகம்தான். வேல்ஸ் மற்றும் எல்லை மாவட்டங்களுக்கான மன்றம் ஒன்று லட்லோவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. ஒருவகையில் வேல்ஸின் தலைநகரம் இங்கிலாந்துக்குள் இருந்தது. வழக்குகளோடு மக்கள் வந்தார்கள். வழக்கறிஞர்கள், எழுத்தர்கள் வந்தார்கள். அவர்கள் தங்க விடுதிகள் பெருகின. 1560 முதல் 1586 வரை மன்றத்தின் தலைவராக இருந்த சர் ஹென்றி சிட்னி கோட்டைக்குள் நீதிபதிகள் தங்கும் கட்டடத்தைச் சேர்த்தார். புல் ரிங் தெருவில் உள்ள ஃபெதர்ஸ் என்ற மரச்சட்டக் கட்டடம் இந்தக் காலத்தின் கொழுப்பைக் காட்டுகிறது. ரீஸ் ஜோன்ஸ் என்ற வழக்கறிஞர் 1619-இல் தமக்காகக் கட்டிய வீடு அது, விடுதியானது பிற்பாடு. முகப்பில் ஒரு சாண் இடம்கூட விடாமல் செதுக்கல். கட்டடம் நிற்க அவ்வளவு மரம் தேவையே இல்லை. மரம் வாங்கவும் தச்சருக்குக் கொடுக்கவும் தன்னிடம் வசதி இருக்கிறது என்று தெருவுக்குச் சொல்வதுதான் நோக்கம்.

1634 செப்டம்பர் 29 அன்று மன்றத் தலைவராகப் பொறுப்பேற்ற பிரிட்ஜ்வாட்டர் பிரபுவைக் கொண்டாடக் கோட்டையின் பெரிய கூடத்தில் ஒரு கவிதை நாடகம் நடந்தது. பிரபுவின் பிள்ளைகளே நடித்தார்கள். எழுதியவர் 25 வயது ஜான் மில்டன். கூடத்துக்கு இன்று கூரையும் தளமும் இல்லை. நான்கு சுவர்களும் வானமும்தான்.

1689-இல் மன்றம் கலைக்கப்பட்டது. ஒரு தலைநகரத்தின் வருமானம் ஒரே நாளில் போனது. கோட்டையின் கூரையிலிருந்து ஈயத்தகடுகளை உரித்து எடுத்துப்போனார்கள், மழை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. ஊர் மட்டும் சாகவில்லை. சுற்றுவட்டார நிலக்கிழார்கள் குளிர்காலத்தைக் கழிக்க, நடனத்துக்கும் சீட்டாட்டத்துக்கும் ஒன்றுசேர, இங்கே வீடு வைத்துக்கொண்டார்கள். பிராட் ஸ்ட்ரீட்டின் செங்கல் முகப்புகள் அந்தக் காலத்தவை. மேலே நின்று கீழ்நோக்கிப் பார்த்தால் 18-ஆம் நூற்றாண்டு ஒழுங்கு தெரியும். ஆனால் பல முகப்புகளுக்குப் பின்னால் இருப்பது பழைய மரச்சட்ட வீடுதான். கூரையின் சரிவையும் பக்கச் சுவரையும் கவனித்தால் பிடிபடும். தெருவின் உச்சியில் 1740களில் எழுந்த பட்டர் கிராஸ் இருக்கிறது. தூண்கள் நிற்கும் கீழ்த்தளத்தில் சுற்றுவட்டாரப் பெண்கள் வெண்ணெய் விற்றார்கள். மேல்தளத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளி. இப்போது மேலே ஊர் அருங்காட்சியகம்.

அக்காலத்தில் சாதாரண மக்களுக்குச் சோறு போட்டது கையுறைத் தொழில். தோலைப் பதப்படுத்தி வெட்டுவது பட்டறையில். தைப்பது பெண்களும் பிள்ளைகளும், வீட்டில். 1826-இல் வெளிநாட்டுக் கையுறை மீதான இறக்குமதித் தடை நீங்கியதும் பிரெஞ்சுக் கையுறைகள் வந்து குவிந்தன. லட்லோவின் தொழில் நொடித்தது. 1852-இல் ரயில் வந்தபோதும் ஆலை எதுவும் பின்னால் வரவில்லை. நிலக்கரியும் இரும்பும் வேறு இடங்களுக்கு ஆள்களை இழுத்துக்கொண்டன. இடித்துப் புதிதாகக் கட்டக் கையில் காசில்லாததால் பழையது அப்படியே நின்றது. நாம் இன்று ரசிக்கும் அழகில் பெரும்பகுதி அந்த நீண்ட வறட்சி விட்டுவைத்தது. பர்மிங்ஹாமும் மான்செஸ்டரும் பணம் குவித்த அதே நூற்றாண்டில் தங்கள் பழைய நடுவூர்களை இழந்தன.

கோட்டையின் கதையில் தமிழ் வாசகர்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. ராபர்ட் கிளைவ் ஷ்ராப்ஷையர்காரர். மார்க்கெட் டிரேட்டன் என்ற இன்னொரு சந்தை ஊரின் அருகே 1725-இல் பிறந்தவர். ஆற்காட்டிலும் வங்காளத்திலும் சேர்த்த செல்வத்தால் தன் கடைசி ஆண்டுகளில் லட்லோவுக்கு அருகே ஓக்லி பார்க் என்ற பண்ணையை வாங்கினார். அவர் மகன் எட்வர்ட் கிளைவ் 1774 முதல் 1794 வரை லட்லோவின் நாடாளுமன்ற உறுப்பினர். 1798-இல் அவர் சென்னை மாகாண ஆளுநராக வந்து சேர்ந்தார். 1803 வரை இருந்தார்.

அந்த ஐந்தாண்டுகள் எப்படிப்பட்டவை என்று நமக்குத் தெரியும். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு விழுந்தார். அதே ஆண்டு அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். தஞ்சை நிர்வாகம் சரபோஜியிடமிருந்து கும்பெனிக்குப் போனது. 1801 ஜூலையில் ஆற்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதி முழுதும் கும்பெனி கைக்கு வந்தது. அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலேறினார்கள். இவ்வளவும் நடந்தபோது புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநர் நாற்காலியில் இருந்தவர் லட்லோவின் முன்னாள் உறுப்பினர். ஸ்ரீரங்கப்பட்டின வெற்றியின் நினைவாக அவர் கட்டச்செய்த விருந்து மண்டபத்தை நாம் நன்றாக அறிவோம். இன்றைய ராஜாஜி மண்டபம் அது. தலைவர்களுக்கு இறுதி மரியாதை செலுத்த லட்சக்கணக்கான மக்கள் கூடிய அதே படிக்கட்டுகள்.

எட்வர்டின் மனைவி ஹென்ரியெட்டா, போவிஸ் பிரபுவின் தங்கை. 1800-இல் இரு மகள்களோடு சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் என்று நெடும்பயணம் போய்க் குறிப்புகள் எழுதியவர். லட்லோ கோட்டையை அரசிடமிருந்து குத்தகைக்கு வைத்திருந்தது அவர் பிறந்த குடும்பம். அண்ணன் வாரிசின்றி 1801-இல் இறந்தார். போவிஸ் பிரபு என்ற பட்டம் 1804-இல் எட்வர்ட் கிளைவுக்குக் கிடைத்தது. 1811-இல் அவர் 1,560 பவுண்டுக்கு லட்லோ கோட்டையை அரசிடமிருந்து விலைக்கே வாங்கிவிட்டார். இன்றும் அது போவிஸ் குடும்பத்தின் சொத்து. திப்புவின் கூடாரமும், அவர் சிம்மாசனத்திலிருந்து கழற்றிய தங்கப் புலித்தலையும் இதே குடும்பம் இருந்த போவிஸ் கோட்டையில், வேல்ஸில், காட்சிக்கு இருக்கின்றன. லட்லோவில் சுற்றும்போது கிளைவ் பெயர் அங்கங்கே தலைகாட்டும். அங்கே அது உள்ளூர் பெரிய மனிதர் ஒருவரின் பெயர். பாஞ்சாலங்குறிச்சியும் காளையார்கோவிலும் தெரிந்தவர்கள் அதை அப்படிக் கடந்துபோக முடியாது, போகவும் வேண்டாம்.

இருபதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஊருக்கு அடுத்த வருமானம் வந்தது. 1986-இல் சதுக்கத்தின் நடுவில் இருந்த விக்டோரியா காலத்து நகர மண்டபத்தை இடித்தார்கள். இடித்தது சரியா என்று விவாதிக்கலாம். ஆனால் மூடிய மண்டபத்துக்குள் இருந்த சந்தை திறந்தவெளிக்குத் திரும்பியது. 1995-இல் உணவுத் திருவிழா தொடங்கியது. செப்டம்பர்தோறும் கோட்டையின் வெளிமுற்றத்தில் சுற்றுவட்டாரப் பண்ணையாளர்களும் ரொட்டிக்காரர்களும் கறிக்கடைக்காரர்களும் கடை விரிக்கிறார்கள். கறிக்கடை ஒவ்வொன்றின் சாசேஜையும் சுவைத்து ஊரைச் சுற்றிவந்து மதிப்பெண் போடும் வழக்கம் மிகப் பிரபலம். 2000-ஆம் ஆண்டை ஒட்டி, பத்தாயிரம் பேர் உள்ள இந்த ஊரில் சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிஷலின் நட்சத்திரம் பெற்ற உணவகங்கள் மூன்று இருந்தன. அவை மூன்றும் பிறகு மூடப்பட்டன, அல்லது இடம் மாறின. உணவுக்கான பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதற்கு அடிப்படை சமையல் வல்லுநர்கள் அல்லர் என்பது என் கருத்து. எல்லா ஊர்களிலும் சிறு கறிக்கடையும் ரொட்டிக்கடையும் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளால் அழிந்தபோது இங்கே பல பிழைத்திருந்தன. வறட்சிக் காலம் கட்டடங்களைக் காப்பாற்றியது போலவே கடைகளையும் காப்பாற்றியிருந்தது.

பிராட் கேட்டைத் தாண்டி இறங்கினால் லட்ஃபர்ட் பாலம். பாலத்தைக் கடந்தவுடன் சாலை வளைவில் சாதாரணமாகத் தெரியும் பாறைச் சரிவு ஒன்று உண்டு. உலகெங்கும் புவியியலாளர்கள் அறிந்த இடம் அது. ஏறக்குறைய 42.7 கோடி ஆண்டுக்கும் 42.3 கோடி ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்துக்கே லட்லோ என்றுதான் அறிவியலில் பெயர்; 1830களில் ரோடரிக் மர்ச்சிசன் இந்தப் பகுதிப் பாறைகளை வகைப்படுத்தியதிலிருந்து வந்தது. அப்போது இது நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்த வெதுவெதுப்பான ஆழமற்ற கடல். பாறையில் ஒரு மெல்லிய படலத்தில் ஆதிகால மீன்களின் செதில்களும் முட்களும் அடர்ந்து கிடக்கின்றன. பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் சுத்தியலால் தட்டவோ எடுத்துப்போகவோ கூடாது. அங்கிருந்து விட்கிளிஃப் பொதுநிலத்துக்கு ஏறினால் ஆறு, கோட்டை, கோபுரம் எல்லாம் ஒரே பார்வையில் விழும். கோட்டைக்கு நேர்கீழே டினம் பாலம் வழியாக மறுபடி ஊருக்குள் ஏறிவிடலாம். பாலத்துக்கு மேலே உள்ள டினம் ஹவுஸில்தான் நெப்போலியனின் தம்பி லூசியன் போனபார்ட் 1811-இல் பிரிட்டிஷ் கைதியாகக் கொஞ்ச காலம் தங்கவைக்கப்பட்டார்.

லண்டனிலிருந்து போகிறவர்கள் வழியில் ரயில் மாற வேண்டியிருக்கும், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். மான்செஸ்டருக்கும் கார்டிஃபுக்கும் இடையே ஓடும் ரயில்கள் லட்லோவில் நிற்கின்றன. நிலையத்திலிருந்து நடந்தே ஊருக்குள் போய்விடலாம். காலையில் வந்து மாலையில் திரும்ப நினைத்தால் சந்தை நாளாகப் பார்த்து வாருங்கள், வெள்ளியோ சனியோ நல்லது. இரண்டு நாள் இருந்தால் ஸ்டோக்ஸேயையும் சேர்த்துக்கொள்ளலாம். வடக்கே அடுத்த நிலையமான கிரேவன் ஆர்ம்ஸில் இறங்கி ஒரு மைல் நடக்க வேண்டும். குளிர்காலத்தில் கோட்டையும் ஸ்டோக்ஸேயும் திறக்கும் நாள்கள் குறையும் என்பதால் முன்கூட்டியே நேரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. டீம் ஆற்றுப்பக்கச் சரிவுகள் மழையில் வழுக்கும், செருப்பு வேண்டாம், நல்ல பிடிப்புள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.